ஒப்புரவின் தடம்

ஓர் ஊரிலிருந்து பக்கத்து ஊருக்கும், ஒரு நகரின் ஒரு பகுதியிலிருந்து அதை ஒட்டிய பகுதிக்கும் மக்கள் எளிதாகப் போய்வர வழி செய்வது நிர்வாகம், நிதி, பொறியியல் ஆகிய துறைகளுக்கு உரிய செய்தியாகவே இன்று பேசப்படுகிறது. ஆனால் தமிழ்ச் சமய மரபுகளும் அறநூல்களும் இதே செய்தியை மிகப் பழங்காலம் முதலே ஓர் அறக்கேள்வியாகக் கண்டு, அதற்குத் தம்முள் மாறுபட்ட விடைகளைத் தந்திருக்கின்றன. வழி அமைத்துத் தருவது இருப்பவர் இல்லாதவருக்குச் செய்யும் கொடையா, அல்லது சேர்ந்து வாழ்வோர் ஒருவருக்கொருவர் பட்டிருக்கும் கடனா என்பதே அந்தக் கேள்வி. கொடை என்றால் கொடுப்பவருக்குப் புண்ணியம் சேரும், வாங்குபவருக்கு நன்றி சொல்லும் கடப்பாடு மட்டுமே மிஞ்சும். கடன் என்றால் பெறவேண்டியவர் அதைக் கேட்டு வாங்கலாம், தராதவர் குற்றம் செய்தவராவார். இந்த வேறுபாட்டைத் திருக்குறள் தன் அமைப்பிலேயே காட்டுகிறது. வறியவருக்குக் கொடுப்பதைப் பேசும் ‘ஈகை’ அதிகாரத்துக்கு முன்பாக, ‘ஒப்புரவறிதல்’ என்ற தனி அதிகாரத்தை வள்ளுவர் வைத்திருக்கிறார். ஒப்புரவு என்பது உலகத்தோடு பொருந்தி வாழ்பவன், கைம்மாறு எதிர்பாராமல், தன் கடமையாகவே ஊர் முழுமைக்கும் பயன்படுவதைக் குறிக்கும். மழை, ஊருணி, ஊர் நடுவில் பழுத்த மரம் என்று அந்த அதிகாரம் எடுத்துக்காட்டும் பொருள்கள் எவையும், தம்மை நாடி வருபவர் யாரென்று விசாரிப்பவை அல்ல.

இந்தக் கேள்வியை ஆராய விருதுநகர் மாவட்டத்தின் மேற்குக் கரிசல் பகுதியைப் போல் பொருத்தமான நிலம் அரிது. 2021ஆம் ஆண்டில் சிவகாசி, திருத்தங்கல் என்ற இரண்டு நகராட்சிகள் இணைக்கப்பட்டு சிவகாசி மாநகராட்சி உருவானது. அதற்குத் தெற்கே வைப்பாற்றின் இடக்கரையில் வெம்பக்கோட்டை இருக்கிறது. சுற்றிலும் விஜயகரிசல்குளம், தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை, ஆலங்குளம் போன்ற ஊர்கள், கிழக்கே சாத்தூர். பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத்தொழிலும் இந்த ஊர்களை ஒரே பொருளாதார உடலாக்கியிருக்கின்றன. இங்கு வாழ்பவரின் ஒரு நாள் மாநகராட்சி எல்லைக்குள் அடங்குவதில்லை: வேலை ஓர் ஊரில், பள்ளி இன்னோர் ஊரில், மருத்துவமனை மூன்றாவது ஊரில், குலதெய்வம் நான்காவது ஊரில். ஆகவே சட்டப்படி நகரம் சிறியதாக இருந்தாலும் வாழ்க்கைப்படி அது பெரியது; அதன் அண்டைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பு என்று பேசும்போது இந்தப் பெரிய நகரத்தையே மனத்தில் கொள்ளவேண்டும்.

இணைப்பு என்பது இந்த நிலத்துக்குப் புதிதுமல்ல. விஜயகரிசல்குளத்தின் மேட்டுக்காடு என்ற தொல்மேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் தொடங்கிய அகழாய்வில் நுண்கற்கருவிகள், சுடுமண் உருவங்கள், கண்ணாடி மணிகள், பொன் அணிகலன்கள் ஆகியவற்றுடன் சங்கு வளையல்களும் பெருமளவில் கிடைத்தன. சங்கு கரிசலில் விளைவதில்லை. அது மன்னார் வளைகுடாக் கடலிலிருந்து, வைப்பாறு சென்று கலக்கும் அந்தக் கரையிலிருந்து, உள்நாட்டுக்கு வந்திருக்க வேண்டும். அவ்வளையலை அறுத்தவரும் அணிந்தவரும், கடலில் மூழ்கிச் சங்கெடுத்த எவரையும் கண்ணால் கண்டிராமலேயே அவருடைய உழைப்போடு கட்டுண்டிருந்தார்கள். ஒருவரையொருவர் அறியாதவர்களுக்கு இடையிலும் கடன் உண்டு என்று சொல்லும் அறநெறிக்கு இதைவிடக் கண்கூடான சான்று தேடவேண்டியதில்லை.

இன்றைய வெம்பக்கோட்டை வட்டாரத்தில் மக்களை ஏற்றிச் செல்லும் வண்டிகள் இரண்டு வகை. அறவியல் நோக்கில் அவை வெவ்வேறானவை. ஒன்று கம்பெனி வேன்: பட்டாசு ஆலை தன் தொழிலாளரைக் காலையில் ஊர்களிலிருந்து ஏற்றி, மாலையில் கொண்டுவந்து இறக்கும் வண்டி. மற்றொன்று அரசுப் பேருந்தும் மினி பஸ்ஸும். கம்பெனி வேன் ஒரு பெண்ணை அவள் கைகளின் வேலைக்காக மட்டுமே ஏற்றுகிறது. அவளுடைய காய்ச்சலுக்கோ, மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்கோ, தாய்வீட்டுத் துக்கத்துக்கோ அது வராது. ஆலைக்கு விடுமுறை என்றால் அந்த இணைப்பும் விடுமுறை. இந்த வட்டாரத் தீப்பெட்டித் தொழிலின் வரலாற்றில், விடியும் முன்பே கிராமங்களுக்கு வந்து குழந்தைகளை உறக்கக் கலக்கத்தோடு ஏற்றிச் சென்ற வண்டிகளின் காலமும் உண்டு. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் தொடர்பான எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளிக்கும் வரையிலும் அதற்குப் பிறகும் நீண்ட போராட்டத்தால்தான் அந்தக் காலம் தேய்ந்தது. அந்த வண்டிகளும் ஊரை ஊரோடு இணைக்கவே செய்தன. எனவே எல்லா இணைப்பும் நன்மை என்று சொல்லிவிட முடியாது. யாருடைய நோக்கத்துக்காக அந்த இணைப்பு என்று கேட்டாக வேண்டும். பொதுப் பேருந்தின் சிறப்பு, ஏறுபவரிடம் எதற்குப் போகிறீர்கள் என்று அது கேட்பதில்லை என்பதே. போகுமிடத்தை மட்டும் கேட்டுச் சீட்டைக் கிழித்துத் தரும் நடத்துநர், பயணியின் நோக்கத்தை அவரிடமே விட்டுவிடுகிறார். மனிதரைக் கருவியாக அன்றி அவரளவில் முழுமையானவராக நடத்தவேண்டும் என்று மெய்யியலாளர்கள் வலியுறுத்துவது இவ்வாறு அன்றாடம் நடைமுறைக்கு வருகிறது.

பட்டாசுத் தொழிலுக்கே உரிய இன்னொரு சிக்கலும் இங்கே உண்டு. வெடிபொருள் சட்டமும் விதிகளும் ஆலை குடியிருப்பிலிருந்து விலகியிருக்க வேண்டும், ஓர் அறை மற்றோர் அறையிலிருந்து விலகியிருக்க வேண்டும், ஓர் அறையில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் இருக்கக்கூடாது என்று வகுத்திருக்கின்றன. மருந்து கலக்கும் அறையில் பற்றும் தீ அடுத்த அறையைத் தொடாமல் இருக்கவே இந்த இடைவெளி. இங்கே தூரம் உயிர்காக்கும் அறமாகிறது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் நடந்த வெடிவிபத்துகளில் மாண்டவர்களை நினைப்பவர் எவரும் அந்த விதிகளைத் தளர்த்தச் சொல்லமாட்டார். ஆனால் தீயைத் தள்ளிவைக்க வேண்டிய தூரம், அந்தத் தீயோடு வேலை செய்யும் மனிதரையும் மருத்துவமனையிலிருந்தும் கடைத்தெருவிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் தள்ளிவைத்துவிடுகிறது. பட்டாசு வெடித்துத் தீபாவளி கொண்டாடும் நாடு முழுவதும் அந்தத் தூரத்தின் பயனை நுகர்கிறது. அதன் சுமையைக் கரிசல் ஊர்கள் சுமக்கின்றன. பிறரது மகிழ்ச்சிக்காக ஒருவர் தொலைவில் நிறுத்தப்பட்டிருக்கிறார் என்றால், அந்தத் தொலைவைப் போக்குவரத்தால் ஈடுசெய்வது சலுகை ஆகாது. அது பட்ட கடனைத் தீர்ப்பதாகும்.

சமய மரபுகள் வழியமைத்தலை எவ்வளவு உயர்வாக வைத்தன என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். புத்த ஜாதகக் கதைகளில் மகன் என்ற இளைஞன் தன் தோழர்களோடு பாதைகளைச் செப்பனிட்டு, வழிப்போக்கருக்குத் தங்குமண்டபம் கட்டிய புண்ணியத்தால் இந்திரப் பதவி பெறுகிறான். அசோகர் தம் கல்வெட்டுகளில் சாலையோர மரங்களையும் கிணறுகளையும் தம் அறச்செயல்களாகக் குறிப்பிடுகிறார். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமான் எனும் இறைநம்பிக்கையின் ஒரு கிளை என்பது நபிமொழி. தனக்கு அயலான் யார் என்ற கேள்விக்கு இயேசு சொன்ன உவமை, எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் சாலையில் நிகழ்கிறது. தென்பாண்டி நாட்டில் மங்கம்மாள் சாலையும், பிள்ளைப்பேற்றுக்கு முன்பே இறந்த பெண்களின் நினைவாக நடப்பட்ட சுமைதாங்கிக் கற்களும் இதே மரபின் எச்சங்கள்.

ஆயினும் தமிழ்ச் சைவத்தில் வரும் அப்பூதியடிகள் வரலாறே இந்தக் கேள்விக்கு மிக அருகில் நிற்கிறது. சோழநாட்டுத் திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள் அந்தணர்; திருநாவுக்கரசரோ வேளாளர். நாவுக்கரசரை ஒருமுறையும் நேரில் கண்டிராத நிலையிலேயே, அவர் பெருமையைக் கேள்வியுற்ற அளவில், தாம் வழிப்போக்கருக்காக அமைத்த தண்ணீர்ப் பந்தல் முதலிய அறங்களுக்கெல்லாம் திருநாவுக்கரசு என்ற பெயரையே அப்பூதியார் இட்டார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அவ்வழியே நடந்து வந்த நாவுக்கரசர் பந்தலில் தம் பெயரைக் கண்டு வியந்து, அதை வைத்தவரைத் தேடிப் போகிறார். தன்னிலும் குறைந்தது என்று அன்றைய வருணமுறை கருதிய பிறப்பில் வந்தவரின் பெயரை, ஒருவர் பொதுவழியில் எல்லாரும் காண எழுதிவைத்தார் என்பதே இந்த வரலாற்றின் உயிர்நாடி. பாம்பு தீண்டிய மகன் உயிர்த்தெழுந்த அற்புதத்தையே அடியார்கள் பெரிதும் பேசுவார்கள். ஆனால் பந்தலில் எழுதப்பட்ட அந்தப் பெயரும் அதற்குக் குறையாத அற்புதமாகும்.

இந்த மரபின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆதிசங்கரரைப் பற்றி வழங்கும் ஒரு வரலாற்றில், காசித் தெருவில் எதிரே வந்த சண்டாளரை அவர் விலகச் சொல்ல, எதை விலகச் சொல்கிறீர், உடலையா, ஆன்மாவையா என்று அந்தச் சண்டாளர் திருப்பிக் கேட்கிறார். சிவனே அந்த உருவில் வந்தான் என்று கதை முடிகிறது. ஆன்மாக்களிடையே வேற்றுமையில்லை என்ற அத்வைதக் கொள்கைக்கு அது ஒப்பற்ற விளக்கம்தான். ஆனால் கேள்வி கேட்டவர் சிவனாக வெளிப்பட்டதால், மறுநாள் அதே தெருவில் வந்த மற்ற சண்டாளர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கதை சொல்லவில்லை. தெய்வத்துக்கு வழிவிடுவது பக்தி. தெய்வமாக வெளிப்படப் போவதில்லை என்று தெரிந்தும் வழிவிடுவதே ஒப்புரவு.

காசியிலிருந்து தென்காசிக்குக் கொண்டுபோன சிவலிங்கம் வழியிலேயே தங்கிவிட்டதால் சிவகாசி எழுந்தது என்பது தலபுராணம். வழியில் நின்றுவிட்ட இறைவனின் அந்த ஊரில், கோயில் நுழைவு கேட்ட நாடார் சமூகத்தினருக்கும் அதை மறுத்தவர்களுக்கும் இடையிலான பகை 1899இல் பெருங்கலவரமாக வெடித்தது. அதே கோரிக்கை பற்றிய கமுதிக் கோயில் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் 1908இல் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. வள்ளுவர் சொன்ன ஊருணிகளும் நடைமுறையில் சாதிவாரியாகப் பிரிந்துதான் கிடந்தன. ஒப்புரவு நூலில் மட்டும் இருந்தால் போதாது, அதைச் சட்டமாக்கி, மீறினால் தண்டிக்கும் அதிகாரமும் வேண்டும் என்பதை இந்த வட்டாரம் தன் உடலில் பட்டு அறிந்துகொண்டது.

அந்த அறிவு செயலானது பேருந்தில்தான். பொதுச்சாலைகளும் கிணறுகளும் அனைவருக்கும் திறந்தவை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். சாலை திறந்தாலும் அதில் ஓடிய தனியார் பேருந்துகள் திறக்கவில்லை. தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுப்பது வழக்கமாகவே இருந்தது. சிவகாசியும் சாத்தூரும் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1920களின் இறுதியில் அந்த மாவட்டக் கழகத்தின் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமம் ரத்தாகும் என்று ஆணையிட்டார். அவர் சுயமரியாதை இயக்கத்தவர். 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். கோயில் நுழைவு மறுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். தம் சமூகத்துக்கு மூடப்பட்ட கதவை நினைவில் வைத்திருந்தவர், தம் அதிகாரத்துக்குட்பட்ட கதவை இன்னும் கீழே நிறுத்தப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டார். சமயத்தை மறுத்த இயக்கத்தைச் சேர்ந்த ஒருவரின் இந்த ஆணை, அப்பூதியடிகளின் பந்தலுக்குப் பிறகு தமிழ்நாட்டு வழியறத்தின் வரலாற்றில் மிக உயர்ந்த செயல் என்று மதிப்பிடுவது மிகையாகாது. பந்தல் அன்பினால் எழுந்தது, ஆணை அன்பில்லாதவரையும் அறத்துக்குக் கட்டுப்படுத்தியது. பின்னர் வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, அரசுப் பணத்தில் பேணப்படும் கிணறுகள், குளங்கள், சாலைகள் ஆகியவற்றைப் பயன்படுத்த எவரையும் சாதி, மதம் முதலிய காரணங்களால் தடுக்கக்கூடாது என்று விதித்தது.

ஏறுவதற்கான உரிமை இவ்வாறு நிலைபெற்ற பிறகும், வண்டியின் நெற்றியில் யாருடைய பெயர் இருக்கலாம் என்ற வினா 1997இல் எழுந்தது. 1972 முதல் நாட்டுடைமையான பேருந்துகளை நடத்திய அரசுக் கழகங்கள் பல, அக்காலத்தில் மன்னர்கள், தலைவர்களின் பெயரைத் தாங்கி ஓடிக்கொண்டிருந்தன. விருதுநகர் மாவட்டத்தை மையமாகக் கொண்டு ஒரு புதிய கழகத்தை அமைத்து, அதற்குக் கட்டபொம்மனின் படைத்தளபதியும் தேவேந்திரகுலத்தில் பிறந்தவருமான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அரசு சூட்டியபோது எதிர்ப்புக் கிளம்பியது. அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றவர்களும் இருந்தார்கள். தென்மாவட்டங்களில் மோதல்கள் நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. முடிவில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. காமராஜர் மாவட்டம் என்று இருந்ததும் விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் 1955 டிசம்பரில் கறுப்பின மக்கள், தேவாலயங்களில் கூடி உறுதிபூண்டு, ஓராண்டுக்கும் மேலாகப் பேருந்தைப் புறக்கணித்தது சமமான இருக்கைக்காக. இங்கே சிலர் பேருந்தைப் புறக்கணித்தது சமத்துவம் பெயராக எழுதப்பட்டதைப் பொறுக்காமல். புறக்கணிப்பு என்ற செயல் ஒன்றே என்றாலும், அதன் அறத்தன்மையை முடிவு செய்வது அது எதை நோக்கியது என்பதுதான் என்பதற்கு இந்த இரண்டும் எதிரெதிர்ச் சான்றுகள்.

பெயர்களை அழித்தது சரியா என்பது இன்றும் எளிதில் தீர்க்க முடியாத கேள்வி. அடியார் பெயரைப் பந்தலில் எழுதிய மரபு, வீரர் பெயரைப் பேருந்தில் தாங்க முடியாமல் தோற்றது என்பது ஒரு பார்வை, அது உண்மையும்கூட. மழைக்குப் பெயரில்லை, எவருடையதும் அல்லாத வண்டியே எல்லாருடையதும் ஆகும் என்பது மற்றொரு பார்வை. உயிர்கள் போய்க்கொண்டிருந்த வேளையில் எடுத்த முடிவு என்பதால் அதைக் குறைகூறுவது பொருந்தாது. ஆனால் பெயரை நீக்கியதோடு, அந்தப் பெயரை ஏற்காத மனமும் நீங்கிவிட்டதாக எண்ணுவது பெரும்பிழை.

பெயருக்குப் பின் வழித்தடம். தமிழ்நாட்டு நகரங்களின் பேருந்துத் தடங்கள் பெரும்பாலும் நடுவிலுள்ள பேருந்து நிலையத்தை நோக்கியே ஓடுகின்றன. விளிம்பிலுள்ள ஓரிடத்திலிருந்து அதை அடுத்த விளிம்புக்குப் போக நடுநகரம் வந்து மாறவேண்டியிருக்கிறது. சென்னையிலேயே, பக்கத்துப் பகுதிகளான வேளச்சேரியையும் பரங்கிமலையையும் இணைக்க 2008இல் தொடங்கிய 5 கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாதை, கடைசி 500 மீட்டரில் நிலவழக்கால் ஆண்டுக்கணக்கில் நின்றுபோனது. கிராமங்களை முதன்மைத் தடங்களோடு சேர்க்கும் மினி பஸ் திட்டம் 1997இல் வந்தது. பேருந்து இல்லாத சாலைகளுக்கு முன்னுரிமை தரும் புதிய மினி பஸ் திட்டம் 2025இல் தொடங்கியது. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. இதைக் கொடையென்று பேசுவோர் பயனாளியிடம் நன்றியை எதிர்பார்க்கிறார்கள். வருவாய் இல்லாத தடம் என்று ஒரு வழியை நிறுத்துவோர் அதை வணிகமாக மட்டும் எடைபோடுகிறார்கள். இரு சாராரும் ஒப்புரவை மறந்துவிடுகிறார்கள். இரண்டு பேர் மட்டும் ஏறிய மாலைப் பேருந்து இழப்பில் ஓடுகிறது என்பது கணக்கு. அந்த இருவருக்கும் அது இல்லையென்றால் கல்லூரியோ மருத்துவமனையோ இல்லை என்பதும் கணக்குத்தான்.

பணமும் வண்டியும் வரம்புக்குட்பட்டவை, எல்லா ஊருக்கும் எப்போதும் ஓட்ட முடியாது என்ற மறுப்பு நியாயமானதே. கடமை என்று ஒப்புக்கொண்டாலும் எதை முதலில் தீர்ப்பது என்ற வரிசை வேண்டியிருக்கிறது. ஆனால் வேண்டுமென்று நினைத்தபோது முடிந்திருக்கிறது என்பதற்கும் இதே மாவட்டம் சாட்சி சொல்லும். சாத்தூருக்கு அருகே வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடும் இருக்கன்குடியில் மாரியம்மனுக்கு ஆடிக் கடைசி வெள்ளியில் பெருங்கூட்டம் கூடும்போது சிறப்புப் பேருந்துகள் விடப்படுகின்றன. எந்தச் சாதி, எந்த ஊர் என்று பாராமல் அவை அடியாரை ஏற்றிச் செல்கின்றன. அம்மனைக் காணப் போகும்போது ஒருவருக்குக் கிடைக்கும் மதிப்பு, மறுநாள் அவர் பக்கத்து ஊர் மருத்துவமனைக்குப் போகும்போது ஏன் குறைகிறது என்பதைச் சமய உணர்வுள்ளோர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். உயிர்கள் அனைத்தும் இறைவனின் உறைவிடம் என்று நம்பும் சமயத்துக்கு, அந்த இரண்டு பயணங்களையும் வேறாக்கும் உரிமை இல்லை.

ஆகவே வரிசையை வகுக்கும்போது, எந்தத் தடத்தில் பயணிகள் அதிகம் என்பதற்கு முன்னால், எந்தத் தடம் இல்லாவிட்டால் வேறு வழியே இல்லாமல் போகிறவர் யார் என்று பார்ப்பது ஒப்புரவுக்கு உகந்தது. அந்த அளவுகோலில் வைத்தால், திருத்தங்கலையும் வெம்பக்கோட்டை வட்டாரத்து ஊர்களையும் நடுநகர நெரிசலுக்குள் இழுக்காமல் நேராக இணைக்கும் தடங்களும், கம்பெனி வேன் வராத விடுமுறை நாள்களில் ஓடும் பேருந்துகளும், இரவுப்பணி முடிந்த செவிலியரையும் கடைச் சிப்பந்தியையும் வீடு சேர்க்கும் கடைசி நடையும் முன்னுக்கு வரும். நிறுத்தம் எங்கே நடப்படுகிறது என்பதும் அத்தகையதே. 2021இல் வெளிவந்த மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ திரைப்படம், பேருந்து நிற்காமல் போகும் ஓர் ஊரின் கதையைச் சொன்னபோது தென்மாவட்டங்களில் பலர் தம் ஊரையே அதில் கண்டார்கள். ஊருக்கு முன்னால் நின்று, தாழ்த்தப்பட்டோர் வாழும் காலனியைக் கடந்துபோகும் பேருந்து, சட்டப்படி அனைவரையும் ஏற்றும் பேருந்துதான். ஆனால் நிறுத்தம் வரை நடக்கவேண்டிய அந்த அரைக் கிலோமீட்டரில், உரிமம் ரத்தாகும் என்று சௌந்தரபாண்டியன் எச்சரித்த பழைய மறுப்பின் ஒரு பகுதி இன்னும் மிஞ்சியிருக்கிறது. புதிய தடங்களுக்கு அனுமதி வழங்கும்போது நிறுத்தங்களின் இடத்தையும் காலனி மக்கள் அமர்ந்திருக்கும் கிராமசபையில் வைத்து முடிவு செய்வதும், அந்த முடிவை உரிமத்தின் நிபந்தனையாகவே எழுதுவதும் இன்றைய சட்ட வரம்புக்குள் செய்யக்கூடியவை. மாவட்ட நிர்வாகம் மனம் வைத்தால் அதற்குப் பெருந்தொகையும் வேண்டியதில்லை.